ஒரே வேட்டியில் இரு வீரர்

பள்ளி ஆண்டு விழா நெருங்கும் காலத்தில் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து ஒரு சிறு சீட்டு வெளிவரும். மாறுவேடப் போட்டி நடைபெறவிருக்கிறது, பிள்ளைகளை உரிய கோலத்தில் அனுப்பி வைக்கவும் என்று அதில் எழுதியிருக்கும். ஒற்றைப் பிள்ளையுள்ள வீட்டில் அது ஒரு நாள் செலவோடு முடிந்துவிடும். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலோ அந்தச் சீட்டு தாயின் மனத்தில் ஒரு கணக்கையே தொடங்கி வைக்கிறது. வாடகை உடைக்கடையில் ஓர் உடைக்கு முன்பணம், ஒரு நாள் வாடகை, கறை பட்டால் தண்டம். இரண்டு உடை எடுக்கக் கையில் பணமில்லை. ஆகவே மூத்தவன் அரசனாகிறான். இளையவள் கூட்டத்தில் நின்று கைதட்டுகிறாள்.

அன்புத் தாய்மார்களே, கைதட்டிய அந்தப் பிள்ளையின் முகத்தை அன்று மாலை நாம் கவனிப்பதில்லை. அண்ணனின் சட்டையைச் சுருக்கிப் போட்டு வளரும் பிள்ளை அது. அக்காளின் புத்தகத்தை அட்டை மாற்றிப் படிக்கும் பிள்ளை அது. எல்லாம் தனக்கு இரண்டாம் கைப்பொருளாகவே வருகிறது என்பதை ஐந்து வயதிலேயே அது அறிந்துகொள்கிறது. வாயால் சொல்லாது, ஆனால் அண்ணனின் காகிதக் கிரீடம் மறுநாள் காலையில் கிழிந்து கிடக்கும். அதைக் குறும்பு என்று கடிந்துகொள்கிறோம். உண்மையில் அது ஒரு முறையீடு.

இரு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில், ஒரே நாளில், சமமான சிறப்போடு உடை தைப்பது இயலாத செயலன்று. ஓர் எட்டு முழப் பழைய வேட்டியும், ஒரு பழைய நூல் சேலையும், இரண்டு மாலைப் பொழுதுகளும் போதும். யாராக வேடமிடுவது என்பதற்கு நாம் தொலைவில் தேடவும் வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்திலேயே அதற்கேற்ற இருவர் காத்திருக்கின்றனர்.

பகைவர் அல்லர், நண்பர்

இருவருக்கு வேடமிடுவதென்றால் பெரும்பாலும் பகைவரையே தேர்ந்தெடுக்கிறோம். கட்டபொம்மனும் வெள்ளைக்காரத் துரையும், இராமனும் இராவணனும் என்றே மனம் செல்கிறது. வீட்டில் எப்போதும் மூத்த பிள்ளைக்கே நாயகன் வேடம் கிடைக்கும். தோற்க வேண்டியது இளையது. மேடையில் நடக்கும் சண்டை வீட்டுக்கும் வந்துவிடும்.

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து எழுந்த கோட்டையை அறியாதார் யார்? 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை அது. அவர் மகன் இராசாராம் உள்ளிருக்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட கோட்டை. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராத்தியப் படை அரண்கள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் அது இடம்பெற்றது. அப்பன்னிரண்டில் தமிழ்நாட்டுக் கோட்டை இஃது ஒன்றே. இத்தனை பெருமையிருந்தும், நம் நாட்டுப்புற மக்கள் இந்தக் கோட்டையை நினைக்கும்போது முதலில் நினைப்பது ஓர் இளைஞனைத்தான். அவன் தேஜ் சிங் என்னும் தேசிங்கு ராஜன்.

தேசிங்கின் தந்தை சரூப் சிங், அவுரங்கசீப் காலத்தில் செஞ்சியை ஆளும் பொறுப்பைப் பெற்ற புந்தேல இராசபுத்திரர். தந்தை 1714இல் இறந்தபின் மகன் பொறுப்பேற்றான். கப்பப் பாக்கியையும் உரிமையையும் முன்னிட்டு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பெரும்படையுடன் வந்தார். சில நூறு குதிரை வீரர்களுடன் எதிர்த்துச் சென்ற தேசிங்கு 1714 அக்டோபர் 3ஆம் நாள் போரில் வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ 22. அவனோடு தோளுக்குத் தோள் நின்று அதே போரில் உயிர்விட்டவன் அவன் நண்பன் மகபத்கான். திருமணக் கோலத்தில் இருந்தவன், நண்பனின் அழைப்பு வந்ததும் மணப்பந்தலை விட்டுப் போர்க்களம் வந்தான் என்று தேசிங்கு ராஜன் கதைப்பாடல் சொல்கிறது. ஒருவன் இந்து, மற்றவன் முஸ்லிம். எந்த மன்னனின் ஆணையும் அவர்களைச் சேர்க்கவில்லை, நட்பே சேர்த்தது.

உடன்பிறந்த இருவருக்கு இதைவிடப் பொருத்தமான இணை வேடம் ஏது? இதில் தோற்பவன் என்று எவனும் இல்லை. இருவரும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள்.

ஒரு முடிச்சின் வேறுபாடு

வேடமிடுவோர் வழக்கமாகச் செய்யும் ஒன்றை இங்கே தவிர்த்தல் வேண்டும். முஸ்லிம் வேடம் என்றதும் கட்டம் போட்ட கைலியையும் பச்சைத் துண்டையும் தேடுவோம். இராசா வேடம் என்றதும் பட்டுப் பளபளப்பை நாடுவோம். அக்காலத்து உடை அப்படி இருக்கவில்லை. வட இந்திய அரசவை வீரர்கள், எம்மதத்தவராயினும், அணிந்தது ஜாமா என்னும் வெண்ணிற நூலாடை. மார்பில் குறுக்காக மடிந்து, அக்குளின் கீழே நாடாவால் முடிச்சிட்டு, இடுப்புக்குக் கீழே பாவாடைபோல் விரியும் அங்கி அது. அதன்மேல் ஓர் இடைக்கச்சை, தலையில் பாகை.

இந்த ஆடையில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. அக்கால ஓவியங்களை ஆராய்வோர், ஓவியத்தில் இருப்பவர் யார் என்று கணிக்க அந்த முடிச்சைப் பார்ப்பதுண்டு. பொதுவாக இந்துக்கள் ஜாமாவை இடப்பக்கத்தில் முடிந்தனர். முஸ்லிம்கள் வலப்பக்கத்தில் முடிந்தனர். மற்றபடி துணியும் தையலும் கச்சையும் ஒன்றே. தேசிங்குக்கும் மகபத்கானுக்கும் உடையில் இருந்திருக்கக்கூடிய வேறுபாடு ஒரு முடிச்சின் பக்கம் மட்டுமே. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே தையுங்கள். பெரிய சொற்பொழிவுகள் கற்பிக்காததை அந்த நாடா கற்பித்துவிடும்.

நமக்கு இதில் ஓர் ஆதாயமும் உண்டு. இரு உடைகளுக்கும் ஒரே அமைப்பு. அளவு மட்டுமே வேறு. ஒன்றை வெட்டக் கற்றால் இரண்டையும் வெட்டிவிடலாம்.

வேட்டியைப் பங்கிடும் முறை

எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் உரிய அளவுகளை இங்குத் தருகிறோம். உங்கள் பிள்ளைகளை நூலால் அளந்து, வேண்டியபடி ஓரிரு அங்குலம் கூட்டிக் குறைத்துக் கொள்ளுங்கள். எட்டு முழ வேட்டி ஏறத்தாழ 144 அங்குல நீளமும் 48 முதல் 50 அங்குல அகலமும் உடையது. நைந்த இடங்களை முதலிலேயே சுண்ணக்கட்டியால் குறித்து, அவை சுருக்கங்களுக்குள் மறையும்படி திட்டமிடுக. வெட்டுமுன் துணியைத் துவைத்து, காய்ந்தபின் தேய்த்துக்கொள்வது நலம்.

முதலில் வேட்டியின் நீளத்தில் 75 அங்குலத்தை அளந்து குறுக்கே வெட்டிப் பிரித்திடுக. இத்துண்டிலிருந்து இரு பாவாடைப் பகுதிகளும் கிடைக்கும். வேட்டியின் ஒரு கரையோரமாக 19 அங்குல உயரத்தில் ஒரு பட்டை எடுத்தால் அது மூத்த பிள்ளைக்கு. எதிர்க் கரையோரமாக 16 அங்குல உயரத்தில் ஒரு பட்டை எடுத்தால் அது இளைய பிள்ளைக்கு. கரை கீழே வருமாறு வைத்தால் விளிம்பு மடித்துத் தைக்கும் வேலையே இல்லை. இருவருக்கும் ஒரே கரை அமைந்து அழகும் தரும். நடுவில் 13 முதல் 15 அங்குல அகலப் பட்டை ஒன்று எஞ்சும். அதை நெடுக்கில் இரண்டாகக் கிழித்தால் இரு இடைக்கச்சைகள் ஆயின.

மீதமுள்ள 69 அங்குலத்திலிருந்து மேலங்கிகளை எடுக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கு 39 அங்குல அகலமும் 28 அங்குல நீளமும் உள்ள துண்டு. இளைய பிள்ளைக்கு 33 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் உள்ள துண்டு. ஒவ்வொன்றையும் நீளவாட்டில் பாதியாக மடித்தால் மடிப்பு தோள்பட்டையாகும். இப்போது மூத்தவனுக்கு உரிய துண்டின் உயரம் 14 அங்குலம், இளையவளுக்கு 12 அங்குலம். நடுவே உடலுக்கு மூத்தவனுக்கு 15 அங்குலமும் இளையவளுக்கு 13 அங்குலமும் விட்டு, இருபுறமும் எஞ்சுவது கை. கையின் உயரம் மடிப்பிலிருந்து மூத்தவனுக்கு 6 அங்குலம், இளையவளுக்கு 5 அங்குலம். அதற்குக் கீழே உள்ள இரு மூலைத் துண்டுகளையும் வெட்டி எடுத்துவிட்டால், விரித்த கைகளோடு நிற்கும் ஓர் ஆளின் உருவம் போலத் துணி நிற்கும். கையைத் தனியே வெட்டி ஒட்டும் தொல்லை இதில் இல்லை. தையல் பழகாதவரும் இதைச் செய்யலாம்.

மடிப்பின் நடுவில் 5 அங்குல அகலத்துக்குக் கழுத்தை வெட்டுக. முன்பக்கத்தை மட்டும் கழுத்திலிருந்து கீழ்வரை நேராகப் பிளந்திடுக. இனி மார்பு மடிப்பு. எஞ்சிய துணியில் மூத்தவனுக்கு 9 அங்குலத்துக்கு 15 அங்குலமாக ஒரு நீள்சதுரமும், இளையவளுக்கு 8 அங்குலத்துக்கு 13 அங்குலமாக ஒன்றும் வெட்டுக. ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். ஒன்றை வலப்பக்கப் பிளவிலும், மற்றொன்றைத் திருப்பிப்போட்டு இடப்பக்கப் பிளவிலும், கூர்முனை கழுத்தருகே வரும்படி வைத்துத் தைத்திடுக. எஞ்சும் கீழ்முனையைச் சரிசெய்து வெட்டிவிடலாம். இரு பக்கத்திலும் முக்கோணம் ஏன் என்பதைப் பின்னர் கூறுவோம்.

பக்கவாட்டுத் தையல்களையும் கைகளின் கீழ்த்தையல்களையும் முடித்தபின், இரு முக்கோணங்களையும் சேர்த்து இடுப்புச் சுற்றை அளந்து பாருங்கள். மூத்தவனுக்கு ஏறத்தாழ 45 அங்குலமும், இளையவளுக்கு 40 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். 75 அங்குலப் பாவாடைப் பட்டையின் மேல் விளிம்பில் பெரிய ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கி, அந்த அளவுக்குக் கொண்டுவந்து இடுப்பில் இணைத்திடுக. சுருக்கம் ஒரே இடத்தில் குவியாமல் விரலால் பரப்பிவிடுதல் வேண்டும். பாவாடை முன்புறம் திறந்தே இருக்கும். உடுத்தும்போது ஒன்றன்மேல் ஒன்று மடிந்து மூடிக்கொள்ளும். உள்ளே வெண்ணிறக் கால்சட்டையோ, பள்ளிச் சீருடைக் கால்சட்டையோ அணியலாம்.

மூலைத் துண்டுகளிலிருந்து 8 அங்குல நீளமுள்ள நாடாக்கள் எட்டு, ஓர் உடைக்கு, தைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பிலும் மார்பு உயரத்தில் ஒன்று, இடுப்பு மூலையில் ஒன்று. இரு பக்கவாட்டுத் தையலிலும் வெளிப்புறமாக அக்குளின் கீழே ஒன்று, இடுப்பில் ஒன்று. பொத்தான் இல்லை, காஜா இல்லை, ஊக்கும் இல்லை. சிறு பிள்ளை அவசரமாக வெளியே போகவேண்டி வந்தால் இரண்டு நாடாவை அவிழ்த்தால் போதும். போட்டி நாளில் இந்த வசதியின் அருமை தெரியும்!

கச்சைகளுக்கு மட்டும் நிறமேற்றுவோம். ஒரு பாத்திர வெந்நீரில் சிறிது படிகாரத்தைக் கரைத்துக் கச்சையை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பின்னர் மஞ்சள்தூள் கலந்த நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்துக. வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். சவர்க்காரம் பட்டால் சிவந்துவிடும். ஆகவே பிறகு வெறும் நீரில் அலசினால் போதும்.

பாகை, அணிகலன், குதிரை

பாகைக்கு நூல் சேலையே ஏற்றது. நைலான் சேலை வழுக்கி நழுவும். சேலையை நடுவில் குறுக்கே கிழித்தால் இருவருக்கும் சரிபாதி. பிள்ளையின் தலைச்சுற்றைவிட ஓர் அங்குலம் கூடுதலாகச் செய்தித்தாளை முறுக்கி, நூலால் கட்டி, சும்மாடுபோல் வளையமாக்குக. உள்ளே வேட்டித் துண்டால் ஒரு குல்லாய்போல் தைத்து, சேலைத் துணியை முறுக்கி முறுக்கி வளையத்தின்மேல் சுற்றி, இடையிடையே ஊசியால் பிடித்திடுக. இப்படிச் செய்த பாகையைத் தொப்பிபோல் எடுத்து அணியலாம். மேடையேறும் நேரத்தில் அவிழ்ந்து விழாது.

எண்ணிப் பாருங்கள்: தந்தையின் வேட்டி இருவர் உடலிலும், தாயின் சேலை இருவர் தலையிலும்! எந்தக் கடையிலும் வாடகைக்குக் கிடைக்காத உடை இது.

பாகையின் முன்புறத்துக்கு மாவிலை வடிவில் அட்டை வெட்டி, தேயிலைப் பொட்டலத்தின் உள்ளிருக்கும் வெள்ளித்தாளை ஒட்டி, பின்னால் ஒரு சேவல் இறகைச் செருகலாம். பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதாமாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறுதீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறினால் போதும். கேடயத்துக்கு 12 அங்குல வட்ட அட்டை. வாளுக்கு மூன்று அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நுனியை மழுக்கி வளைத்து வெட்டிடுக. பனைமட்டையை வாளாக்க வேண்டா. அதன் கருக்கு கையைக் கிழிக்கும்.

தேசிங்கின் கதையில் குதிரை இல்லாமல் எப்படி? கதைப்பாடலில் அவனுடைய குதிரைக்குப் பாராசாரி என்று பெயர். பழைய காலுறை ஒன்றில் கந்தைத் துணியை அடைத்து, 30 அங்குல மூங்கில் கழியில் கட்டி, பொத்தான்களைக் கண்ணாகத் தைத்து, சாக்கிலிருந்து உருவிய சணலைப் பிடரியாக வைத்தால் குதிரை ஆயிற்று. காலுறைகள் இணையாகவே வருவதால் குதிரைகளும் இரண்டு.

கூத்துக் கலைஞர் கற்பிக்கும் பாடம்

மலிவான பொருள்களால் அரசரை உருவாக்கும் கலையில் செஞ்சி வட்டாரம் பிறருக்குப் பாடம் சொல்லத்தக்கது. இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறுகிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை இவ்வழிபாட்டின் முதலிடமாகப் பலர் கருதுகின்றனர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இவ்வழிபாட்டைப் பற்றி எழுதி 1988இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே செஞ்சி இடம்பெற்றுள்ளது. கூத்தில் துரியோதனன் அணியும் கிரீடமும் புசக்கட்டையும் மார்ப்பதக்கமும் பொன்னால் ஆனவை அல்ல. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. அருகில் பார்த்தால் மரமும் தாளும். விளக்கொளியில் பத்தடி தள்ளி நின்றால் அத்தினாபுரத்து அரசன்.

நமக்கு இதில் இரு பாடங்கள் உண்டு. ஒன்று, வேடத்தைப் பத்தடி தொலைவிலிருந்து பார்த்துச் செய்ய வேண்டும். நுணுக்கமான பூவேலையில் இரவைச் செலவிடாதீர்கள். பெரிய வடிவம், தெளிவான நிறம், ஒளிரும் சில புள்ளிகள் போதும். மற்றொன்று, கிரீடம் எடை குறைந்ததாக இருக்க வேண்டும். தலை வலிக்கும் அரசன் மேடையில் அழுவான்.

இன்னொன்றும் கூறலாம். கூத்தில் நெடுங்காலமாக ஆடவரே திரௌபதியாகவும் ஆடி வந்திருக்கின்றனர். ஆகவே உங்கள் மகள் தேசிங்காக வேடமிடுவதில் தடையென்ன? ஜாமாவும் பாகையும் பெண் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும். அரசர் வேடம் அண்ணனுக்கு, தோழி வேடம் தங்கைக்கு என்று நாமே பிரித்து வைப்பதால்தான் பல வீடுகளில் பிணக்கு தொடங்குகிறது.

யார் தேசிங்கு?

இத்தனையும் முடிந்தபின் எழும் கேள்வி ஒன்றுண்டு. "நான்தான் ராஜா!" என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். மார்பின் இருபக்கமும் முக்கோணம் வைத்ததன் பயன் இங்கே தெரியும். வலப்பக்க மடிப்பை மேலே கொண்டுவந்து இடப்பக்க அக்குளின் கீழ் முடிந்தால் அவன் தேசிங்கு. அதையே மாற்றி, இடப்பக்க மடிப்பை மேலே கொண்டுவந்து வலப்பக்கத்தில் முடிந்தால் அவனே மகபத்கான். உள்ளே போகும் மடிப்பின் நாடாக்களை இடுப்புக்குள் செருகிவிட்டால் வெளியே தெரியாது.

ஒத்திகையின் முதல் நாள் அண்ணன் தேசிங்கு, தங்கை மகபத்கான். மறுநாள் தங்கை தேசிங்கு, அண்ணன் மகபத்கான். போட்டி நாளில் யார் எதுவென்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யட்டும். சீட்டில் தோற்றவருக்கும் உடை குறையப் போவதில்லை, குதிரை குறையப் போவதில்லை, வாள் குறையப் போவதில்லை. நண்பனாக நிற்பது அரசனாக நிற்பதைவிடச் சிறியதன்று என்பதை அவர்கள் உடுத்தியே அறிந்துகொள்வர். மேடையில் என்ன செய்வது என்று கேட்டால், இருவரும் குதிரையில் வந்து, பெயரைச் சொல்லி, கைகோத்து வணங்கி நின்றாலே போதும். வசனம் மறக்கும் அச்சமும் இல்லை.

வேலையையும் பகிர்ந்து கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை அளவு நாடாவைப் பிடிக்கும், அட்டையில் கோடு போடும், ஓட்டுத்தையலின் நூலை இழுக்கும். ஐந்து வயதுப் பிள்ளை வெள்ளித்தாளைத் தேய்த்துச் சமன் செய்யும், பசை தடவும், காலுறையில் கந்தை அடைக்கும். கத்திரியும் ஊசியும் உங்கள் கையில் இருக்கட்டும். தன் கையால் செய்த கிரீடத்தை எந்தப் பிள்ளையும் எளிதில் கிழிக்காது.

கவனிக்க வேண்டியவை

அழகைவிடப் பாதுகாப்பு முதன்மையானது. நைலான், பாலியெஸ்டர் துணிகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நூல் துணி அவ்வாறு உருகாது; ஆயினும் விரைந்து எரியும். விரிந்த பாவாடையும் தொங்கும் கச்சையும் அணிந்த பிள்ளைகளைக் குத்துவிளக்கு, மெழுகுவத்தி, பட்டாசு ஆகியவற்றின் அருகில் விடுதல் கூடாது. கச்சையின் தொங்கல் முழங்காலுக்குக் கீழே போகாதிருந்தால் கால் தடுக்காது.

முகத்தில் வண்ணம் பூசுவோர் சற்று நிதானிக்க வேண்டும். வேடத்துக்கு அரிதாரம் பூசுதல் என்கிறோம்; அரிதாரம் என்பதே ஆர்செனிக் கலந்த மஞ்சள் தாதுவின் பெயர். அது நஞ்சு. பெயர் தெரியாத வண்ணப்பொடி எதையும் பிள்ளையின் தோலில் பூசாதீர்கள். விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மெல்லிய மீசை வரைந்தால் போதும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். அதையும் முந்தைய நாளே கையில் சிறிது தடவிப் பார்த்துக்கொள்க.

மாலை கோக்கக் குன்றிமணியைப் பயன்படுத்தவே கூடாது. சிவப்பும் கறுப்புமாய்க் கண்ணைக் கவரும் அவ்விதை கொடிய நஞ்சுடையது. துளையிட்ட விதையைச் சிறு பிள்ளை வாயில் போட்டால் உயிருக்கே இடராகும். அதற்குப் பதில் பழைய நாட்காட்டித் தாளை நீண்ட முக்கோணங்களாக வெட்டி, துடைப்பக்குச்சியில் சுற்றி ஒட்டினால் அழகிய காகித மணிகள் கிடைக்கும்.

ஒரு முறை தைத்து, பல முறை உடுத்த

அந்தக் காகித மணிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. 1597இல் இயேசு சபைக் குரு நிக்கொலாசு பிமெந்தா செஞ்சிக்கு வந்தார். லிசுபனைத் தவிரப் போர்ச்சுகலின் எந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்று வியந்து எழுதினார். அப்போது ஆண்ட கிருட்டிணப்ப நாயக்கரைக் கண்ட கோலத்தையும் அவர் குறித்து வைத்துள்ளார். பட்டுக் கம்பளத்தில் இரு திண்டுகளில் சாய்ந்து, நீண்ட பட்டாடை உடுத்து, முத்தும் மணியும் பதித்த பெரிய சங்கிலி மார்பெங்கும் தவழ, உச்சியில் முடிந்த கூந்தலில் முத்துகள் ஒளிர நாயக்கர் வீற்றிருந்தாராம். அடுத்த ஆண்டு போட்டிக்கு இதோ புதிய வேடம்! அதே ஜாமாவின்மேல் தாயின் பட்டுச் சேலையைப் போர்த்தி, வெள்ளைத் தாளில் செய்த மணிகளை நான்கு சரமாகக் கோத்து மார்பில் இட்டு, இரு தலையணைகளையும் தந்தால் ஒரு பிள்ளை நாயக்கர். கறுப்புத் துணியில் நீண்ட அங்கியும் கையில் ஏடும் எழுதுகோலும் தந்தால் மற்றப் பிள்ளை அவரைக் காண வந்த பிமெந்தா அடிகளார். இங்கும் இருவரும் பகைவரல்லர்.

திசம்பர் திங்களில் பங்கில் நடைபெறும் கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கும் புதிய உடை தேடவேண்டியதில்லை. ஜாமாவும் பாகையும் மணிமாலையும் கீழ்த்திசை ஞானியருக்குப் போதும். பாகையைக் கழற்றி, சாக்குத் துணியைத் தோளில் போட்டால் அவர்களே இடையர்.

பிள்ளைகள் வளர்வார்கள், உடை வளராது. ஆகவே கை ஓரத்திலும் பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் கூடுதலாக உள்ளே மடித்து விட்டுத் தைத்தால், அடுத்த ஆண்டு பிரித்துவிடலாம். மூத்தவனுக்குச் சிறிதானது இளையவளுக்கு வரும்போது இம்முறை அவள் வருந்தமாட்டாள். ஏனெனில் அவளுடைய உடை அப்போது பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குப் போகும். பயன்படுத்தியபின் வெறும் நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, வேப்பிலை இட்டுத் தலையணை உறையில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். குதிரைகளை மட்டும் மடித்து வைக்க முயல வேண்டா. அவை போட்டி முடிந்த மறுநாளே தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்.